சின்ன ரப்பர், பெரிய செலவு: முப்பது தாண்டிய மாஸ்டா எம்எக்ஸ்-5

எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் எண்ணெய் சொட்டுகிறது என்று வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோனால், "கிராங்க் பின்சீல் போயிடுச்சு, கியர்பாக்ஸை இறக்கணும்" என்பார்கள். எஞ்சினின் முதன்மைத் தண்டான கிராங்க்கின் பின்முனையில் எண்ணெயைத் தடுத்து நிற்கும் ரப்பர் வளையம்தான் பின்சீல். முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 காரைப் பொறுத்தவரை இந்தப் பதிலை உடனே நம்பிவிடக் கூடாது. சொட்டு விழுவது கீழே என்றாலும் கசிவு ஆரம்பிப்பது பெரும்பாலும் மேலே. எஞ்சினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட்டின் பின்பக்கம், வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டின் முனையில் ஒரு சென்சார் செருகியிருக்கும். கேம் ஆங்கிள் சென்சார் என்று பெயர். அதன் கழுத்தில் ஒரு ரப்பர் ஓ-ரிங். அது காய்ந்து விறைத்ததும் எண்ணெய் ஹெட்டின் முதுகில் வழிந்து, ஹீட்டர் ஹோஸ்களை நனைத்து, கியர்பாக்ஸ் கூட்டின் மேல் இறங்கி, அடியில் வந்து சொட்டும். கீழிருந்து பார்ப்பவருக்குப் பின்சீல் கசிவு மாதிரியே தெரியும்.

உறுதி செய்ய இரண்டே நிமிடம் போதும். ஹெட்டின் பின்பக்கத்தைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு வண்டியை ஒரு சுற்று ஓட்டி வாருங்கள். சென்சாருக்கு அடியில் விரலை விட்டுப் பாருங்கள், இடுக்கில் எட்டாவிட்டால் சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் போதும். விரலில் எண்ணெய் ஒட்டினால் குற்றவாளி ஓ-ரிங்தான். சென்சாரைப் பிடித்திருப்பது 12 மி.மீ. தலை போல்ட் ஒன்று மட்டுமே. அதைத் தொடுவதற்கு முன், சென்சார் உடம்புக்கும் ஹெட்டுக்கும் குறுக்கே ஒரு கோடு கிழித்துக்கொள்ள வேண்டும். சென்சார் சிறிது திரும்பினாலும் இக்னிஷன் டைமிங், அதாவது தீப்பொறி விழும் நேரம், மாறிவிடும். ஆட்டி ஆட்டி வெளியே எடுத்தால், பழைய ரிங் பிளாஸ்டிக் துண்டு போல நொறுங்கி வரும். புது ரிங்கில் எண்ணெய் தடவிச் செருகி, கோட்டோடு கோடு சேர்த்து முடுக்கவும். நடுவில் உள்ள நாக்கு மையத்திலிருந்து விலகி இருப்பதால் தலைகீழாகப் போட முடியாது. கடைசியாக, பானெட்டுக்குள் இருக்கும் டயக்னோசிஸ் பெட்டியில் டென் (TEN), ஜிஎன்டி (GND) என்று குறித்த இரண்டு முனைகளையும் ஒரு வயர்த் துண்டால் இணைத்து, டைமிங் லைட் அடித்து, ஐடில் 850 ஆர்பிஎம் அளவில் 10 டிகிரி காட்டுகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

இந்தக் காரின் வயோதிகம் முழுக்க இப்படித்தான். இரும்பு சீக்கிரம் போவதில்லை. அதைச் சுற்றியுள்ள ரப்பர், பிளாஸ்டிக், தண்ணீர் போகும் வழி இவைதான் முதலில் போகின்றன, போகும்போது பக்கத்தில் இருக்கும் விலை உயர்ந்த ஒன்றையும் கூட்டிக்கொண்டு போகின்றன. ஓடோமீட்டர் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. முப்பது வருடத்தில் அறுபதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியது என்று பெருமையாக விற்கப்படும் வண்டியில் இருக்கும் ரப்பருக்கும் முப்பது வயதுதான். போதாக்குறைக்கு, ஓடாமல் நின்ற வண்டியில் சீல்களின் உதடு எண்ணெய் படாமல் காய்ந்து போயிருக்கும்.

காரைப் பற்றிக் கொஞ்சம். 1989 பிப்ரவரியில் சிகாகோ வாகனக் கண்காட்சியில் அறிமுகமாகி, ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்றும் அமெரிக்காவில் மியாட்டா என்றும் விற்ற இரண்டு இருக்கை வண்டி. 1997 வரை வந்த முதல் தலைமுறைக்கு என்ஏ என்று பெயர். மூடித் திறக்கும் துணிக்கூரை, எழுந்து படுக்கும் முகப்பு விளக்குகள், முன்னால் எஞ்சின், பின்சக்கர இழுவை. எடை ஒரு டன்னுக்குள். ஆரம்பத்தில் 1.6 லிட்டர் எஞ்சின், 1994 மாடலிலிருந்து பல நாடுகளில் 1.8. இந்தியாவில் அதிகாரப்பூர்வமாக விற்கவில்லை. இங்கிலாந்து, கனடா, ஆஸ்திரேலியாப் பக்கம் வாழும் தமிழர்களின் கண்ணில் பழைய வண்டி விளம்பரமாக அடிக்கடி பட்டிருக்கும். விலையும் வடிவமும் ஆசை காட்டும். பார்க்கப் போகிறவர்கள் பானெட்டைத் திறப்பதற்கு முன் பார்க்க வேண்டிய இடம் வேறு.

தண்ணீர் போகும் வழி

பின் சக்கரத்துக்கு முன்னால், கதவுக்குக் கீழே ஓடும் சில் என்ற பெட்டிப் பகுதி. அதன் பின்முனையில் ஒரு சாண் நீளத்துக்குள்தான் என்ஏ காரின் ஆயுள் தீர்மானமாகிறது.

துணிக்கூரையில் விழும் மழை பின்பக்கம் ஒரு வாய்க்காலில் சேர்ந்து, சீட் பெல்ட் கோபுரங்களின் பின்னால் இருபுறமும் உள்ள வடிகால் குழாய்களில் இறங்கி, வண்டிக்கு அடியில் வெளியேறும்படி அமைத்திருக்கிறார்கள். மரத்தடியில் நிற்கும் வண்டியில் இலைச்சருகும் தூசியும் சேர்ந்து அந்தக் குழாயை அடைத்துவிடும். தண்ணீர் பொங்கி உள்ளே கம்பளத்திலும் சில்லின் வெற்றிடத்திலும் இறங்கும். சில் ஒற்றைத் தகடல்ல, அடுக்கடுக்காக வைத்து ஒட்டிய பெட்டி. உள்ளே நின்ற தண்ணீர் உள்ளிருந்தே அரித்து வரும். வெளியே பெயின்ட் கொப்புளம் தெரியும் நாளில் உள் தகடு பாதி போயிருக்கும். கொப்புளத்தைச் சுரண்டி, பட்டி பூசி, பெயின்ட் அடித்து விற்கும் வண்டிகள் ஏராளம். குளிர்நாடுகளில் சாலையில் தூவும் உப்பு அடியிலிருந்து சேர்ந்துகொண்டால் வேகம் இரட்டிப்பு.

வடிகாலைச் சோதிக்க அரை லிட்டர் தண்ணீர் போதும். கூரையைப் பாதி மடித்து, மூலையில் உள்ள துளையில் மெதுவாக ஊற்றுங்கள். பின் சக்கரத்துக்கு முன்னால் தரையில் உடனே கொட்ட வேண்டும். தயங்கித் தயங்கி வந்தால் அடைப்பு பாதி, வராவிட்டால் முழுசு. அடைப்பை எடுக்க வளைந்து கொடுக்கும் நைலான் கம்பிதான் சரி. சைக்கிள் சக்கரக் கம்பி, சட்டை மாட்டும் ஹேங்கர் கம்பி எதுவும் வேண்டாம். குழாயின் வளைவில் குத்தி ஓட்டை போட்டுவிட்டால், அதற்குப் பிறகு ஒவ்வொரு மழையும் நேராகச் சில்லுக்குள்தான். வருடத்துக்கு இரண்டு முறை, மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும், இந்த அரை லிட்டர் சோதனை செய்தால் போதும்.

சில் ஏற்கெனவே அரித்திருந்தால் அதற்கு மருந்து வெல்டிங் மட்டுமே. வெளித்தகடை மட்டும் ஒட்டிவிட்டு உள்தகடை அப்படியே விடும் வேலைக்குப் பணம் கொடுப்பதைவிடக் கொடுக்காமல் இருப்பது மேல். ஒட்டிய பிறகு உள்ளே மெழுகு வகைத் துருத்தடுப்பானைப் பீய்ச்ச வேண்டும். ஜாக்கி போடும்போதும் சில்லின் விளிம்பை நசுக்காதீர்கள். முன்பக்கம் சப்ஃபிரேமின் குறுக்குச் சட்டத்தின் நடு, பின்பக்கம் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலின் கூடு, இவை இரண்டும்தான் தூக்குவதற்கான இடம்.

கூரைக்கு இன்னொரு விதி உண்டு. என்ஏ காரின் பின் கண்ணாடி உண்மையில் பிளாஸ்டிக் தாள். கூரையை மடிப்பதற்கு முன் ஜிப்பைத் திறந்து அதைத் தட்டையாகப் படுக்க வைக்க வேண்டும். சோம்பல்பட்டு அப்படியே மடித்தால் ஒரே இடத்தில் மடிப்பு விழுந்து, மஞ்சளாகி, கிழியும். குளிரில் தாள் விறைத்திருக்கும்போது மடித்தால் ஒரே நாளில் உடையும். பேட்டரி டிக்கிக்குள் இருப்பதால் அதிலும் கவனம் வேண்டும். கம்பெனி போட்டது வாயுவைத் தனிக் குழாய் வழியே வெளியேற்றும் ஏஜிஎம் வகை. அந்த இடத்தில் சாதாரண அமிலப் பேட்டரியைக் குழாய் இல்லாமல் வைத்தால் டிக்கித் தரையையும் அமிலம் தின்னும்.

ரேடியேட்டரின் நிறம்

ரேடியேட்டரின் மேல்தொட்டி பிளாஸ்டிக். புதிதில் கறுப்பு. வயதாக ஆகப் பழுப்பாகி, பிறகு பச்சை கலந்த காக்கி நிறத்துக்கு வரும். நிறம் மாறிவிட்டால் பிளாஸ்டிக் இற்றுவிட்டது என்று அர்த்தம். கசிகிறதா என்று காத்திருக்க வேண்டியதில்லை, மாற்றிவிடலாம். காத்திருந்தால் என்ன நடக்கும்? தொட்டி ஒருநாள் நெடுஞ்சாலையில் நீளவாட்டில் பிளக்கும். கூலன்ட் மொத்தமே ஆறு லிட்டர்தான், நிமிடங்களில் காலி. டேஷ்போர்டு முள்ளை நம்பவும் முடியாது. இந்தக் காரின் வெப்ப முள் ஒரு பெரிய வீச்சுக்கு நடுவிலேயே அசையாமல் நிற்கும்படி அமைந்தது. அது எழும்பும்போது அலுமினிய ஹெட் வளைய ஆரம்பித்திருக்கும். ஒரு ரேடியேட்டர் விலையில் முடிய வேண்டிய வேலை ஹெட்டை இறக்கி, மட்டம் சீவி, ஹெட் பேக்கிங் மாற்றும் வேலையாகிவிடும்.

ரேடியேட்டரோடு சேர்த்து மேல், கீழ் ஹோஸ்கள், எஞ்சினுக்குப் பின்னால், உள்ளறையைப் பிரிக்கும் தடுப்புத் தகடான ஃபயர்வாலுக்குப் போகும் இரண்டு ஹீட்டர் ஹோஸ்கள், தெர்மோஸ்டாட், மூடி எல்லாவற்றையும் மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். ஹீட்டர் ஹோஸ் எட்டாத இடத்தில் இருப்பதால் எல்லோரும் விட்டுவிடுவார்கள். மேலே சொன்ன ஓ-ரிங் கசிவு சொட்டி ஊறியிருப்பதும் அந்த ஹோஸ்தான். விரலால் அழுத்தினால் பஞ்சு போல அமுங்கும்.

எண்ணெய் அழுத்த முள்ளிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 1994 வரை வந்த வண்டிகளில் அது உண்மையான அளவுமானி, எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும். 1995 முதல் அந்த இடத்தில் வெறும் சுவிட்ச். அழுத்தம் இருந்தால் முள் நடுவில் நிற்கும், இல்லையென்றால் விழும். பழைய வண்டியில் முள் ஆடுவதைப் பார்த்துப் பயப்படுகிறவர்களும், புதியதில் ஆடாமல் நிற்பதைப் பார்த்து நிம்மதியடைகிறவர்களும் இரண்டு பேருமே தவறு.

தொடாமல் விட வேண்டிய போல்ட்

என்ஏ காரின் மிகப் பிரபலமான வியாதி 1989 முதல் 1991 நடுப்பகுதி வரை வந்த 1.6 எஞ்சின்களுக்கு உரியது. கிராங்க் தண்டின் முன்மூக்கு அவற்றில் குட்டையானது. அந்த மூக்கில்தான் டைமிங் பல்சக்கரம் உட்கார்ந்து, ஒரு சாவித்துண்டால் பூட்டி, நடுவில் ஒரு பெரிய போல்ட்டால் இறுக்கப்பட்டிருக்கிறது. சக்கரம் சுழலாமல் பிடிப்பது சாவி என்று தோன்றும். உண்மையில் பிடிப்பது போல்ட்டின் இறுக்கம், சாவி இடம் காட்டுவதற்கு மட்டுமே. போல்ட் சரியாக இறுகாவிட்டால் சக்கரம் மயிரிழை அளவு முன்னும் பின்னும் ஆடும். ஒவ்வொரு ஆட்டமும் சாவியைக் காடியின் சுவரில் மோத வைக்கும். காடி அகலமாகும், டைமிங் பின்தங்கும், வண்டி இழுவை குறையும், கிராங்க் புல்லி ஓடும்போது தள்ளாடும். கடைசியில் கிராங்க் தண்டே கெட்டுப்போகும். அதற்கு எஞ்சினை முழுக்கப் பிரிக்க வேண்டும்.

இது பெரும்பாலும் தானாக வரும் நோயல்ல, கிராங்கையும் கேம் தண்டுகளையும் இணைக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றிய பிறகு வரும் நோய். யாரோ அந்தப் போல்ட்டைக் கழற்றி, கைக்கணக்கில் திரும்ப இறுக்கியிருப்பார்கள். அடையாளம் காண புல்லியின் நடுவில் உள்ள வெட்டுகளை எண்ணுங்கள். நான்கு என்றால் குட்டை மூக்கு, எட்டு என்றால் நீள மூக்கு. குட்டை மூக்குக்கு இறுக்கம் 108 முதல் 118 நியூட்டன் மீட்டர், நீள மூக்குக்கு 157 முதல் 166. இந்த இரண்டு கணக்கையும் மாற்றிப் போடுவதும் ஆபத்துதான்.

ஆகவே குட்டை மூக்கு வண்டியில் பெல்ட் மாற்றும்போது நடுப் போல்ட்டைக் கழற்றாமல் இருப்பதே சரியான வைத்தியம். புல்லியைப் பிடித்திருக்கும் நான்கு 10 மி.மீ. போல்ட்களைக் கழற்றினாலே புல்லி வெளியே வந்துவிடும். பெல்ட்டை நழுவ விடலாம். முன் ஆயில்சீல் கசிந்தால் மட்டும் நடுப் போல்ட்டைத் தொட வேண்டிய கட்டாயம். அப்போது புது போல்ட், புதுச் சாவி, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் மூன்றும் கையில் இல்லாமல் வேலையைத் தொடங்கக் கூடாது. காடி ஏற்கெனவே லேசாக அகலமாகியிருந்தால், மூக்கில் இடைவெளி நிரப்பும் பசையைத் தடவிப் பூட்டும் வழக்கம் பல வருடமாக உண்டு. லேசான தேய்மானத்துக்கு அது தாங்குகிறது. மோசமானதுக்குத் தாங்காது.

பெல்ட் வேலை அவ்வளவு பயப்பட வேண்டியதல்ல. ஒரு லட்சம் கிலோமீட்டர் என்பது பொதுக் கணக்கு. ஓடாத வண்டிக்கு வயதுதான் கணக்கு; எப்போது மாற்றினார்கள் என்று காகிதம் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு ஆறுதல்: இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தாலும் பிஸ்டனும் வால்வும் மோதாது. வண்டி வழியில் நிற்கும், எஞ்சின் பிழைக்கும். இரண்டு கேம் சக்கரங்களிலும் ஐ (I), இ (E) என்று குறி இருக்கிறது. இரண்டு குறிகளுக்கும் நடுவே பெல்ட்டில் 19 பல். இதை எண்ணாமல் மூடியை மாட்டவே கூடாது. பிறகு கிராங்கைக் கையால் வலப்பக்கமாக ஒரு முழுச் சுற்றும் ஆறில் ஐந்து பங்கும் திருப்பி, குறியில் நிறுத்தி, டென்ஷனரைத் தளர்த்தி ஸ்பிரிங்கே இழுக்கும்படி விட்டு, அப்படியே முடுக்க வேண்டும். கையால் நெம்பி இறுக்கினால் பெல்ட் முனகும், பேரிங் சீக்கிரம் போகும். கேம் சக்கரங்களுக்கு நடுவே பத்து கிலோ விசையில் அழுத்தினால் 9 முதல் 11.5 மி.மீ. வரை தொய்வு இருக்க வேண்டும்.

வாட்டர் பம்ப்பை ஓட்டுவது ஆல்டர்னேட்டர் பெல்ட்தான். ஆனால் அதைக் கழற்ற டைமிங் மூடி, பெல்ட் எல்லாமே வெளியே வந்தாக வேண்டும். அதனால் பெல்ட்டோடு பம்ப், இரண்டு உருளைகள், கேம் சீல்கள், டேப்பட் கவர் பேக்கிங் எல்லாம் ஒரே கையோடு. டேப்பட் கவர் போல்ட்களுக்கு 5 முதல் 9 நியூட்டன் மீட்டர்தான் இறுக்கம். பலத்தைக் காட்டினால் அலுமினிய மரை கையோடு வந்துவிடும்.

கால், கை, சக்கரம்

கிளட்ச் பெடல் ஒருநாள் காலையில் தரையோடு ஒட்டிக்கொள்ளும். அல்லது நிற்கும் வண்டியில் ரிவர்ஸ் போட்டால் பல் கடிக்கும். உடனே கிளட்ச் பிளேட் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். கியர்பாக்ஸ் பக்கவாட்டில், பெடலின் அழுத்தத்தை எண்ணெய் வழியாக வாங்கிக் கிளட்ச்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் தொப்பியை விலக்கிப் பாருங்கள். ஈரம் கசிந்தால் அதுதான். இரண்டு 12 மி.மீ. போல்ட், ஒரு பைப் நட்டு, வேலை ஒரு மணி நேரம். பைப் நட்டுக்குத் திறந்த ஸ்பானர் போட்டு வழுக்க விடாமல், அதற்கென்றே உள்ள பைப் ஸ்பானரால் கழற்ற வேண்டும். மேலே பெடலோடு சேர்ந்த மாஸ்டர் சிலிண்டரையும் அப்போதே மாற்றிவிடலாம். கீழே புது சீல் வந்ததும் அழுத்தம் கூடி, மேலே உள்ள கிழட்டு சீல் சில மாதத்தில் கைவிரிக்கும். மாஸ்டர் கசிந்தால் கிளட்ச்சிலும் ஓடும் பிரேக் ஆயில் ஃபயர்வால் பெயின்ட்டை உரித்துவிடும், அங்கே துரு. டாட் 3 அல்லது 4 ஆயில் ஊற்றி ஏர் எடுத்தால் முடிந்தது.

கியர் லீவரிலிருந்து சூடும் இரைச்சலும் உள்ளே வந்தால், லீவருக்கு அடியில் உள்ள ரப்பர் பூட் கிழிந்திருக்கிறது. இதில் பலருக்குத் தெரியாத ஒன்று: லீவர் உட்காரும் கிண்ணத்துக்குத் தனி எண்ணெய். கியர்பாக்ஸில் எவ்வளவு ஊற்றினாலும் அங்கே ஏறாது. கன்சோலைக் கழற்றி, மேல் பூட்டை எடுத்து, மூன்று 10 மி.மீ. போல்ட்களை விலக்கி லீவரை உருவினால் அடியில் கறுப்புக் குழம்பு இருக்கும், அல்லது ஒன்றுமே இருக்காது. துடைத்துவிட்டு, லீவர் நுனியில் உள்ள நைலான் புஷ்ஷையும் கீழ் பூட்டையும் புதிதாகப் போட்டு, 75டபிள்யூ-90 எண்ணெய் 80 மில்லி அளவு ஊற்றி மூடவும். இந்தக் காரின் கியர் மாற்றும் சுகத்தைப் பற்றி முப்பது வருடமாக எழுதுகிறார்கள். அந்தச் சுகத்தில் பாதி இந்த 80 மில்லியில் இருக்கிறது.

பின் பிரேக்கில்தான் கைப்பழக்கம் காலை வாரும். மற்றக் கார்களில் புதுப் பேட் போட பிஸ்டனை கிளாம்ப் வைத்து அமுக்கிப் பழகியவர்கள் இங்கேயும் அமுக்குவார்கள். கூடாது. ஹேண்ட் பிரேக் இயக்கம் பிஸ்டனுக்குள்ளேயே திருகாக இருக்கிறது. பேட்களை டிஸ்கில் அழுத்தும் காலிப்பரின் பின்னால் 14 மி.மீ. மூடிப் போல்ட் ஒன்றைக் கழற்றினால் உள்ளே 4 மி.மீ. ஆலன் கீ போகும் திருகு தெரியும். இடப்பக்கம் திருப்பினால் பிஸ்டன் உள்ளே போகும். புதுப் பேட் போட்ட பின் வலப்பக்கம் திருப்பி, பேட் டிஸ்கைக் கவ்வியதும், மூன்றில் ஒரு சுற்றுப் பின்னால் விட வேண்டும். ஹேண்ட் பிரேக் ஐந்து முதல் ஏழு கிளிக்கில் பிடிக்காவிட்டால், கேபிளை இழுத்துக் கட்டுவதற்கு முன் இந்தத் திருகைச் சரிபார்க்க வேண்டும். கேபிளை இழுத்துக் கட்டினால் பேட் எப்போதும் உரசிக்கொண்டே ஓடும். காலிப்பர் நகரும் பின்களில் கிரீஸ் காய்ந்து இறுகுவதும் சகஜம். ஒரு பேட் தேய்ந்து மறுபேட் புதிதாகவே இருந்தால் பின் இறுகிவிட்டது.

சஸ்பென்ஷன் கைகளின் மூட்டில் உள்ள ரப்பர் புஷ்களை மாற்றுகிறேன் என்று கிளம்புகிறவர்கள் ஒரு நாள் வேலை என்று கணக்குப் போட்டு, ஒரு வாரத்தில் முடிப்பார்கள். நான்கு சக்கரத்துக்கும் கீழ்க்கைக்கு இரண்டு வீதம் எட்டு எக்சென்ட்ரிக் (மையம் விலகிய) போல்ட்கள் இருக்கின்றன, சக்கர அலைன்மென்ட் செய்ய. புஷ்ஷின் இரும்புக் குழலுக்குள் துரு ஏறி இவை ஒன்றாகவே வெந்துபோயிருக்கும். சுத்தியலால் அடித்தால் மரை மழுங்கும், போல்ட் வராது. மூன்று நாலு நாள் முன்பிருந்தே துரு இளக்கும் எண்ணெயை ஊற விட்டு, சூடு காட்டி, அதற்கும் மசியாவிட்டால் புஷ்ஷின் இருபுறமும் அறுத்தே எடுக்க வேண்டும். அதனால் புது போல்ட்களைக் கையில் வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்க வேண்டும். போடும்போது இறுகாமல் தடுக்கும் பசையைத் தடவுங்கள். கடைசி முடுக்கு, வண்டி தன் எடையோடு சக்கரத்தில் நிற்கும்போது. தூக்கிய நிலையில் முடுக்கினால் இறக்கியதும் புது ரப்பர் முறுக்கிக்கொண்டு, ஒரே வருடத்தில் கிழியும்.

மின்சாதனங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முகப்பு விளக்கு எழும்பாவிட்டால் மோட்டாரின் தலையில் உள்ள கைத்திருகைச் சுற்றி எழுப்பிக்கொண்டு வீடு வந்து சேரலாம். கதவுக் கண்ணாடி ஆமை வேகத்தில் ஏறினால் மோட்டாரை வாங்காதீர்கள், தடத்தில் காய்ந்த கிரீஸைத் துடைத்துப் புதிது போடுங்கள். 1.6 வண்டியில் ஐடில் தள்ளாடினால், உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ மீட்டரிலிருந்து த்ராட்டிலுக்குப் போகும் ரப்பர்க் குழாயின் மடிப்புகளை விரித்துப் பாருங்கள். வெடிப்பு அங்கேதான் ஒளிந்திருக்கும்.

பார்ட்ஸ் எங்கே

ஒரு பார்ட் நின்றுபோவதற்குக் காரணம் பெரும்பாலும் உலோகம் அல்ல, அச்சு. ரப்பர், பிளாஸ்டிக் பார்ட்டின் அச்சு தேய்ந்துவிட்டாலோ, செய்து கொடுத்த சிறு ஆலை மூடிவிட்டாலோ, வருடத்துக்குச் சில நூறு விற்கும் பொருளுக்காக யாரும் புது அச்சு வெட்டமாட்டார்கள். அந்த வழக்கத்தை மாஸ்டாவே உடைத்தது. 2017இல் முதல் தலைமுறை ரோட்ஸ்டருக்கு ஜப்பானில் புதுப்பிப்புச் சேவை அறிவித்து, துணிக்கூரை, நார்டி மர ஸ்டீயரிங், அலாய் சக்கரம் என்று நின்றுபோனவற்றைத் திரும்பச் செய்தது. பிரிட்ஜ்ஸ்டோனோடு சேர்ந்து பழைய எஸ்எஃப்325 டயரை அதே 185/60 ஆர்14 அளவில் மறுபடி கொண்டுவந்தது. அதே வருடக் கடைசியில் நிஸ்ஸானின் பந்தயப் பிரிவான நிஸ்மோ ஆர்32 ஜிடி-ஆர் காருக்கும், 2020இல் டொயோட்டா பழைய சுப்ராக்களுக்கும் பார்ட்ஸ் செய்ய ஆரம்பித்தன.

மாஸ்டா பார்ட் எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பாதிப் பணம் மிச்சம். என்ஏ01 என்று தொடங்கினால் இந்தக் காருக்காகவே செய்தது. வேறு எழுத்தில் தொடங்கினால் மாஸ்டாவின் வேறு காரிலிருந்து இரவல் வாங்கியது, அந்தக் காரின் பெயரில் தேடினாலும் கிடைக்கும். கடைசியில் வரும் எழுத்து திருத்தத்தைக் குறிக்கும். ஏ இருந்த இடத்தில் சி வந்தால் பழைய குறையைச் சரி செய்த பதிப்பு. தம்பி வண்டியும் கைகொடுக்கும். 1.6 காரின் முன் டிஸ்க் 235 மி.மீ.; 1.8 காரின் 255 மி.மீ. டிஸ்க்கை அதன் பிராக்கெட்டோடு எடுத்துவந்தால் அப்படியே பொருந்தும். டிஃபரன்ஷியல் அப்படியல்ல. 1.8இன் பெரிய டிஃபை 1.6இல் வைக்க ஆக்சில்களும் புரப்பெல்லர் தண்டும் சேர்ந்தே வர வேண்டும், டிஃபை மட்டும் மலிவாக வாங்கி ஏமாறக் கூடாது.

எதை முன்கூட்டியே வாங்கி வைப்பது என்பதில் ஆசை கண்ணை மறைக்கும். ரப்பர் சீல், ஹோஸ், பிரேக் சிலிண்டர் கிட் இவற்றைப் பத்து செட் வாங்கி அலமாரியில் அடுக்குவது வீண், டப்பாவுக்குள்ளும் ரப்பருக்கு வயதாகும். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கத் தேதி போடுவது இதற்காகத்தான்: முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். சேர்த்து வைக்க வேண்டியவை வேறு: உடைந்தால் கிடைக்காத உள்ளறைப் பிளாஸ்டிக், விளக்குக் கண்ணாடி, கதவுக் கைப்பிடி, ஏர்ஃப்ளோ மீட்டர். கழற்றிய அசல் காலிப்பர், ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், கேம் ஆங்கிள் சென்சார் எதையும் காயலான் கடைக்குப் போடாதீர்கள். பெயர் ஒட்டி ஒரு பெட்டியில் வையுங்கள். சந்தையில் கிடைக்கும் மலிவு மாற்றுச் சென்சார் ஆறு மாதத்தில் கைவிட்டால், புது ஓ-ரிங் போட்டுப் பழையதையே திரும்ப மாட்டிக்கொள்ளலாம்.